கோடு இல்லாத வட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா, என் மச்சினன் கெட்டிக்காரன். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். கூடப் பிறந்தவர் என்று எனக்கு யாரும் இல்லை. மனைவியின் தம்பியைத்தான் என் தம்பியாக நினைத்தேன்.

மருத்துவமனையில் நோயாளியின் உடம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவிக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. அது முழுவதையும் அவன் படமாக வரைந்தான். ஒவ்வொரு நிரல் துண்டுக்கும் ஒரு வட்டம். ஒன்று இன்னொன்றைக் கூப்பிட்டால் நடுவில் ஒரு கோடு. யாரும் கூப்பிடாத வட்டத்துக்கு எங்கள் தொழிலில் அநாதை என்று பெயர். படம் சீவாத தலை மாதிரி சுவர் முழுக்கப் பரவியிருந்தாலும், வேலை சுத்தம்.

கூட்டத்தில் ஓரத்து வட்டங்களைக் காட்டிச் சிரித்தான். "இந்த அநாதைங்க எல்லாமே நம்ம மாமா பெத்ததுதான். அநாதைக்கு அநாதைதானே பொறக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது வெறும் வேடிக்கை. நான் அநாதை விடுதியில் வளர்ந்தவன் என்பதை அந்த அறையில் இருந்தவர்களில் அவன் ஒருவனிடம்தான் நம்பிச் சொல்லியிருந்தேன். வலித்தது ஐயா. இன்னும் வலிக்கிறது. அதுவரை என்னிடம் இருந்த பொறுப்பையும் மேலதிகாரிகள் அவனிடமே கொடுத்தார்கள்.

பிறகு என் மேசைக்கு வந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. இந்த ஓரத்து வட்டத்தை எடுத்துடலாமா? யாருமே கூப்பிடல."

மருந்தின் அளவு எல்லை மீறினால் கருவியை நிறுத்துவது அதுதான். அதைக் கூப்பிடும் பெயர் எங்கும் முழுதாக எழுதப்பட்டிருக்காது. கருவி ஓடும்போது, மருந்தின் பெயரோடு ஒட்டித்தான் உருவாகும். எழுதி வைத்ததை மட்டும் படிக்கிற படத்துக்கு அந்தக் கோடு தெரியாது. எழுதிய எனக்குத் தெரியும்.

"எடுத்துடுப்பா," என்றேன். "அது சரியா வேலை செய்யுதான்னு பாக்குற சோதனையையும் சேர்த்து எடுத்துடு. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு."

"தேங்க்ஸ் மாமா. நீங்க கோவமா இருப்பீங்கன்னு பயந்தேன்."

பிறகுதான் அந்த மருத்துவமனையில் நர்ஸ் மருந்தின் அளவில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டியிருக்கிறார். அசதியில் யாருக்கும் நடப்பதுதான். கருவி நிற்கவில்லை. ஒரு நாள் இப்படி ஆகும், நீக்கியவன் என்று அவன் பெயர்தான் வரும் என்று தெரிந்தே சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இறந்துபோன அந்த அம்மாவை எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் அவருக்கும் நடுவில் எந்தக் கோடும் கிடையாது.

அவருக்கு ஒரு மகள், அவளுக்கு வேறு யாருமில்லை என்கிறீர்கள். அதற்கு ஏன் ஐயா உங்கள் முகம் வாடுகிறது? விடுதியில் வளர்ந்தால் ஒன்றும் கெட்டுப்போய்விட மாட்டாள். என்னையே பாருங்கள்.