இரண்டாவது ரெசிஸ்டர்

டீயைக் குடித்துவிடுங்கள் சார். ஜெகநாதன் கடை டீ ஆறிப்போனால் வாயில் வைக்க முடியாது. நாராயணசுவாமியின் கார் உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறது, அதில் இரண்டாவது ரெசிஸ்டர் எங்கே என்று கேட்கிறீர்கள். வண்டியைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

இருபத்திரண்டு வருடமாகத் திருத்தணியில் நான்தான் கார் எலக்ட்ரீஷியன். அம்பாசிடருக்கு ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். எந்த ஒயர் செத்தது என்று பல்பே சொல்லிவிடும். இந்தப் புதுக் கார்கள் வேறு மாதிரி. முறுக்கிய இரண்டு ஒயர்கள் வண்டி முழுக்க ஓடும். எஞ்சினும் பிரேக்கும் முன்னால் இருக்கிற மீட்டர் போர்டும் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். அதன் இரண்டு முனையிலும் முனைக்கொன்றாக நூற்றிருபது ஓம் ரெசிஸ்டர், மின்சாரத்தைத் தடுக்கிற சின்னச் சாமான். இரண்டும் இணையாக இருப்பதால், மீட்டர் வைத்தால் பாதியாகி அறுபது காட்ட வேண்டும். நூற்றிருபது காட்டினால் ஒரு முனை போய்விட்டது என்று அர்த்தம். இதெல்லாம் இப்போது தெரியும். இந்த 2007 ஆடி மாதம் எனக்குத் தெரியாது.

நாராயணசுவாமி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர். மனைவி ஜம்பகத்துக்கு இதயத்தில் கோளாறு. மூச்சுத் திணறினால் உடனே வேலூருக்குக் கொண்டுபோகத்தான் அந்தக் காரை வாங்கினார்கள். அந்த ஆடியில் அது ஓடும்போதே நிற்க ஆரம்பித்தது. எல்லா விளக்கும் எரியும், எஞ்சின் அணைந்துவிடும். பதினோரு நாள் பார்த்தேன் சார். ஒவ்வொரு ஒயராக உரித்தேன். சோறு இறங்கவில்லை, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். அவர் தினமும் மலையிலிருந்து இறங்கி வந்து, "ஆச்சா குருநாதா?" என்று மட்டும் கேட்பார். திட்டியிருந்தால் தேவலை.

பன்னிரண்டாம் நாள் அரக்கோணம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற பாஷாவைக் கூட்டி வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் மீட்டரை வைத்தான்.

"நூத்திருபது காட்டுது பாருண்ணா. ஒரு முனை அவுட்டு. இத்தைப் பாக்காம ஒயரையெல்லாம் உரிச்சிகினு கீறியே."

எங்கே போயிருக்கிறது என்று அவனும் தேடவில்லை. அதைக் கவனியுங்கள். பையிலிருந்து புதிதாக ஒரு ரெசிஸ்டரை எடுத்து, அந்தச் சாக்கெட்டின் ஒயர்களுக்குக் குறுக்கே சேர்த்து டேப் சுற்றினான். "இப்போதைக்கு இது தாங்கும் சாமி. ஒரிஜினலை அப்பால தேடிக்கலாம்" என்றான். பத்து நிமிடம். வண்டி ஓடியது.

அதற்குப் பிறகு ஜெகநாதன் கடைக்குப் போனாலே, "இன்னா குருநாதா, அறுபதா, நூத்திருபதா?" என்பார்கள். விளையாட்டுக்குத்தான். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஐப்பசியில் ஹாரன் அடிக்கவில்லை என்று நாராயணசுவாமி வண்டியை என்னிடமே விட்டுப் போனார். ஹாரனை ஐந்து நிமிடத்தில் முடித்தேன். பிறகு அந்த ஒரிஜினல் ரெசிஸ்டரைத் தேடினேன். பின்சீட்டைக் கழற்றினால் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. கோயிலில் உடைத்த தேங்காய்களை அவர் அந்தச் சீட்டில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். தண்ணீர் கசிந்து கசிந்து பெட்டிக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதற்குள் அது இருந்தது, அரிசி அளவு, ஒயரோடு சேர்கிற கால் அரித்துப் போய். அழுதுவிட்டேன் சார்.

பாஷா செய்தது ஒட்டுவேலை என்று தெரிந்துவிட்டது. ஒட்டுவேலையை வண்டியில் விட்டுவைக்கக் கூடாது. அவன் வைத்த ரெசிஸ்டரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வேறு வைக்கவில்லை, சீட்டுக்குக் கீழே அரித்துப் போனதையும் மாற்றவில்லை. மீட்டர் நூற்றிருபது காட்டியது. அப்படியே விட்டால் வண்டி ஊருக்குள் ஓடும், தூரம் போனால் நிற்கும். நின்றால் பாஷா பேர் கெடும். அவ்வளவுதான் நினைத்தேன். "ரெடி சாமி" என்று சாவியைக் கொடுத்தேன்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு போன் வந்தது. வேலூர் போகிற வழியில் கே.ஜி.கண்டிகைகூடத் தாண்டவில்லை என்றார் நாராயணசுவாமி.

"வண்டி நின்னுடுத்து குருநாதா. ஜம்பகத்துக்கு மூச்சு முட்டறது. ஒரு ஆட்டோவும் காணோம். நீ கொஞ்சம் வாயேன்."

என் டிவிஎஸ்ஸில் கால் மணி நேரம். மாட்ட ஒரு நிமிடம். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன், இருந்தது.

"பாஷா பார்த்த வேலை சாமி. அவனையே கூப்பிடுங்க" என்றேன்.

இன்னொரு தடவையும் கூப்பிட்டார். எடுக்கவில்லை. கையில் வேலை இருந்தது.

பாஷா போய்ச் சேர்வதற்குள் அந்தம்மா போய்விட்டார்கள். "நான் வெச்சதைக் காணோம்" என்று அவன் கத்தினானாம். யாரும் நம்பவில்லை. மகன் ஷ்யாம் சென்னையிலிருந்து வந்து புகார் கொடுத்தான், நீங்கள் பாஷாவை உள்ளே வைத்தீர்கள். ஜம்பகம் அம்மா நல்லவர்கள். எனக்கும் வருத்தம் இருக்கிறது. சாவுக்குப் போயிருந்தேன், மாலை போட்டேன்.

பாஷாவை விட்டுவிடுங்கள். அவன் வைத்த ரெசிஸ்டர் இதோ, சாமி படத்துக்குக் கீழே இந்தக் குங்குமச் சிமிழில் இருக்கிறது. இவ்வளவு நாள் வாயைத் திறக்காதவன் இன்றைக்கு ஏன் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். நாளைக் காலையில் பாஷாவை அழைத்து வந்து, அவன் கையாலேயே வண்டியைப் பிரித்துத் தேடச் சொல்லப்போவதாக உங்கள் ஏட்டு சொன்னார். தேடினால் அந்த ஒரிஜினல் அவனுக்குக் கிடைத்துவிடும்.

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது சார். பின்சீட்டுக்குக் கீழே இருந்ததை முதலில் கண்டுபிடித்தது நான்.