அம்மா கைச் சமையல்

ஹோட்டல் போர்டுகளைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும், ஐயா. "உயர்தர சைவ உணவகம்" என்று ஊரெல்லாம் எழுதுகிறார்கள். நடுத்தர உணவகம் என்று எவனாவது எழுதியிருக்கிறானா? நெய்வேலி பஸ் ஸ்டாண்டில் சாதா தோசை என்ற ஒன்றே கிடையாது, எல்லாம் ஸ்பெஷல். "அளவில்லாச் சாப்பாடு" என்பான். மூன்றாம் முறை சோறு கேட்டால் பரிமாறுகிறவனுக்குக் காது கேட்காது.

எங்கள் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்த பிறகு நானும் அம்மாவும் டவுன்ஷிப் ஓரத்தில் மெஸ் போட்டோம். பெயின்டர் "ஸ்பெஷல்" சேர்க்கச் சொன்னான். வேண்டாம் என்று "அம்மா கைச் சமையல்" மட்டும் எழுதச் சொன்னேன். அம்மா கலியம்மாள்தான் சமைத்தாள். அதில் பொய் இல்லை.

தெற்கத்திக்காரர்கள், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள், எங்களிடம்தான் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் வாசலில் இருக்கும் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் மைன்ஸ் பஸ் ஏறுவார்கள். அவள் "போயிட்டு வாப்பா" என்றால்தான் சுரங்கத்தில் இறங்க அவர்களுக்கு மனசு வரும். யாரும் வைத்த வழக்கமில்லை, தானாக வந்தது.

ஐப்பசி மழையில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். ஒரு நாள் அவளை உள்ளே படுக்கவைத்துவிட்டு நானே சமைத்தேன். கிரேன் ஓட்டும் வேலுமணி பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்தார்.

"அம்மா இல்லாம அம்மா சமையல்னு போர்டு எதுக்கு, ராஜாங்கம்? நீங்களும் மத்தவங்க மாதிரி ஆயிட்டீங்களே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் யாரைப் பார்த்துச் சிரித்தேனோ, அவர்களில் ஒருவனாகிவிட்டேன். போர்டை இறக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதில் எழுதியிருந்தது உண்மை, ஐயா. உண்மையை எதற்கு இறக்க வேண்டும்?

மறுநாள் அம்மாவை நாற்காலியோடு தூக்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கரண்டி பிடித்தது நான். உப்பு மட்டும் அவள் கையால். சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்குக் கொண்டுபோவேன். "கொஞ்ச நேரம் படுத்துக்கிறேன்டா" என்பாள். இந்தப் பந்தி முடியட்டும் என்பேன். பந்தி முடிந்தால் அடுத்த ஷிப்ட் வரும்.

கம்மாபுரத்திலிருந்து என் தங்கை செங்கமலம் வந்தாள்.

"அண்ணா, அம்மா மூச்சு வுட முடியாம தவிச்சிகினு இருக்குது. நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன், வுடு" என்றாள்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தேன். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொல்லிவிட்டுப் போனாள். அது எனக்கு மிகவும் வலித்தது. அன்று முதல் அம்மா சரியத் தொடங்கினாள். கீழே விழுந்து அடிபட்டுவிடக் கூடாதே என்று அவளுடைய பழைய சேலையால் நாற்காலியோடு கட்டினேன். மெத்தென்ற நூல் சேலைதான், இறுக்கவில்லை. குடிக்கும்போது புரையேறி இருமினால் சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தண்ணீரும் குறைத்தேன்.

ஒரு நாள் மதியம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் போடச் சொல்லிக் கூப்பிட்டேன். கையைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் வரும் நேரம். அழ வேண்டும் போலத்தான் இருந்தது. உப்பை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, அந்தக் கையை நானே பிடித்துக் குழம்பில் உதிர்த்தேன். ஒரு கல் கூடச் சிந்தவில்லை.

பிறகு முகம் துடைத்து, பொட்டு வைத்து, வாசலுக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். வேலுமணி குழம்பு இரண்டு முறை வாங்கினார். தூங்குகிறாள் என்று நினைத்து, அவள் முன்னால் குனிந்து, "போயிட்டு வாரேன்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பஸ்கள் போன பிறகுதான் நான் செங்கமலத்துக்குச் சொல்லியனுப்பினேன்.

அவள் என்னைக் கொலைகாரன் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான்தான் கொன்றேன் என்றே நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் பண்டிகைக்குப் பண்டிகை வந்துபோகிறவள், ஐயா. கடைசிவரை அம்மாவைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவன் நான்.