திருகத் திருகத் தள்ளிப்போகும் குறி

— இப்போ எங்கடா போச்சு?

— இடது பக்கம்தான்க்கா. கொஞ்சம் மேல வேற ஏறியிருக்கு.

— மறுபடியும் இடதா? இப்பத்தானே வலது பக்கமா ரெண்டு கோடு திருகினேன்.

— சரியாத் திருகினியா? துப்பாக்கி மேல இருக்கற இந்தக் கிழட்டு ஸ்கோப்புல, திருகு மேல போட்டிருக்கற அம்புக்குறி குண்டு போற பக்கத்தக் காட்டுதா, உள்ள இருக்கற குறுக்குக்கோடு போற பக்கத்தக் காட்டுதான்னு யாருக்குத் தெரியும்? உன் மாமனார் இத வாங்கினப்போ நாம பொறக்கவே இல்ல.

— போன வருஷம் வரைக்கும் குண்டு போற பக்கத்தத்தான் காட்டுச்சு. நடுவுல அதுக்கு மனசு மாறிடுச்சாக்கும். நீ தொலைநோக்கியில ஒழுங்காப் பார்த்துச் சொல்லு.

— சத்தியமா கண்ண எடுக்கவே இல்லக்கா. இன்னொண்ணு சுடு.

— இரு. திருகின உடனே உள்ள நகராது இது. ஸ்க்ரூடிரைவர் பிடியால மேல ரெண்டு தட்டு தட்டணும். ம், ஆச்சு. காத மூடிக்கோ... எங்க?

— அக்கா...

— சொல்லேன்டா.

— கீழ. வலது ஓரத்துல. இன்னும் ஒரு விரக்கடை தள்ளியிருந்தா குறி அட்டையிலயே பட்டிருக்காது.

— என்னடா உளர்ற? மேல கீழ நகர்த்தற திருகுல நான் கையே வைக்கலையே.

— எனக்கும் அதான் புரியல. அதுவும் புதுசா ரெண்டு ஓட்டை இருக்கு.

— நான் ஒண்ணுதானே சுட்டேன்?

— ஒண்ணு முன்னாடியே இருந்திருக்கும். நான் கவனிக்கல போல. விடுக்கா.

— நீ எண்ணிட்டுத்தானே இருக்கே?

— எண்ணினேன், நடுவுல விட்டுப்போச்சு. பக்கத்து மேஜைக்காரர் வேற டமார் டமார்னு சுட்டுத் தள்றார். ஒண்ணும் ஓட மாட்டேங்குது.

— சரி, கீழ போகுதுன்னா மேல ஏத்தறேன். மூணு கோடு. இடது பக்கம் நாலு. கடவுளே, குறுக்குக்கோடு ஒரு மூலைக்கே போயிடுச்சுடா. சந்துல ஒளிஞ்சிட்டு எட்டிப் பார்க்கற மாதிரி இருக்கு.

— பழைய ஸ்கோப்புல அப்படித்தான் ஆகும்னு நீதானே சொன்னே?

— ஆகும். இவ்வளவு ஆகாது. இரு, சுடறேன்... என்ன?

— ஒண்ணுமே இல்லக்கா.

— ஒண்ணுமே இல்லன்னா?

— புது ஓட்டையே இல்ல. அட்டையில படவே இல்ல போல.

— டேய், ஒண்ணு கேக்கறேன், மழுப்பாமச் சொல்லு. ஸ்கோப்பா, என் கண்ணா?

— அத ஏன் இப்ப இழுக்கற? ஆபரேஷன் நல்லா ஆயிடுச்சு, திங்கக்கிழமை பஸ் எடுக்கலாம்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரே.

— அவர் ஏ.சி. ரூம்ல உக்கார வெச்சு நாலு எழுத்தக் காட்டினார். எனக்குப் பின்னாடி அறுபது பேர் உக்காரப் போறாங்கடா. பாதிப் பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. இருபது வருஷமா இந்த ஸ்கோப்புல நூறு மீட்டர் தூரத்துல தப்பாம அடிச்சவ நான். இன்னிக்கு முடியலன்னா ஸ்டியரிங்கத் தொட மாட்டேன். வீட்ல சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.

— ஸ்கோப்பு கெட்டுப்போனதுக்கு வேலைய விடுவியா? நல்லா இருக்கு கதை.

— ஸ்கோப்பு கெட்டிருந்தா ஒரே பக்கமா விலகும், இல்ல மொத்தமா ஆடும். இங்க திருகினா ஒரு தடவை எதிர்ப்பக்கம், ஒரு தடவை சம்பந்தமே இல்லாத பக்கம், ஒரு தடவை ஆளே காணோம். எனக்குப் பயமா இருக்குடா. கறுப்பு வட்டம் பளிச்சுன்னு தெரியுது. தெரியுதுன்னு என் மனசு ஏமாத்துதோ என்னவோ.

— அழாதக்கா. ஒண்ணும் அவசரமில்ல. மூணு மாசமா டிப்போல உன் ரூட்டையும் சேர்த்து நான்தானே ஓட்டறேன்? இன்னும் ஆறு மாசம் வேணாலும் ஓட்டறேன். பழகிப்போச்சு.

— ஆறாம் நம்பர், நிறுத்துங்க. அஞ்சாம் நம்பர், டிரைவரம்மா, நீங்களும் துப்பாக்கியக் காலி பண்ணி மேஜையில வைங்க. அட்டைய எடுத்துட்டு வரேன்.

— டேய், மைதானத்து சூப்பர்வைசர் கூப்பிடறார். சரிங்க, எடுத்துட்டு வாங்க. என் லட்சணத்தக் கையில வெச்சே பார்த்துக்கறேன்.

— விடுக்கா. அத வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போவோம்.

— இந்தாங்கம்மா, உங்க அட்டை. ஆமா, இது என்ன விளையாட்டு?

— என்னங்க ஆச்சு?

— முதல் மூணும் நடுப்புள்ளியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு நிக்குது. அதோட விட வேண்டியதுதானே? அப்புறம் ஒண்ணு வலது பக்கம், அடுத்தது இன்னும் வலது, கடைசியா மேல ஏறி இடது பக்கம். அளவுகோல் வெச்ச மாதிரி நகர்ந்திருக்கு. வேணும்னே பண்ணினீங்களா?

— இது என் அட்டையா?

— அஞ்சாம் நம்பர், நீங்கதானே? இன்னொரு கையில இருக்கறது ஆறு. பக்கத்து மேஜை சாரோடது. பாவம், இன்னிக்குத்தான் முதல் தடவை துப்பாக்கியத் தொடறார். இடது பக்கம் மூணு நாலு, கீழ வலது ஓரத்துல ரெண்டுன்னு கண்ட இடத்துல போட்டிருக்கார்.

— டேய். இதத்தானே நீ எனக்குப் படிச்சுச் சொன்னே?

— இல்லக்கா. நான் அஞ்சத்தான் பார்த்தேன். சத்தியமா.

— அப்போ என் கண்ணு சரியாத்தான் இருக்குடா. முதல்லயே நடுப்புள்ளியில அடிச்சிருக்கேன். நான் திருகின பக்கமெல்லாம் குண்டு போயிருக்கு. சூப்பர்வைசர், திங்கக்கிழமை நான் வண்டி எடுக்கறேங்க.

— ரொம்ப சந்தோஷம்மா. ஆனா தம்பி, தொலைநோக்கிய எப்படி ஆறாம் அட்டைக்குத் திருப்பினீங்க? மேல நம்பர் பலகை இருக்கே. தட்டு அகலத்துக்கு எழுதி வெச்சிருக்கோம்.

— தொலைநோக்கிக்குள்ள பலகை வராதுங்க. முதல்ல வெறும் கண்ணால பார்த்துட்டுத்தான் அஞ்சுக்குத் திருப்பினேன்.

— டேய், இங்க வா. தொலைநோக்கிய விடு. நேர நிமிர்ந்து பாரு. அந்தக் கம்பத்துப் பலகையில என்ன நம்பர்?

— அஞ்சு.

— அதுக்குப் பக்கத்துல?

— அதுவும்... அஞ்சு மாதிரிதான் இருக்கு. வெயில் கண்ணுல அடிக்குது.

— வெயில் நமக்குப் பின்னாடி இருக்குடா. எத்தனை நாளா இப்படி?

— நாள் கணக்கெல்லாம் இல்லக்கா. கிட்டப் போனா எல்லாம் தெரிஞ்சிடும்.

— காலையில டூட்டிய முடிச்சிட்டு நேரா இங்கதானே வந்தே? வண்டியில எத்தனை பிள்ளைங்கடா இருந்தாங்க?