மாரிக்கு முந்தி ஒரு கூரை

அவைக்குத் தலைமை தாங்கி, நான் நீட்டி முழக்கினால் அடித்து உட்கார வைக்கக் கைமணியோடு காத்திருக்கும் மங்கையற்கரசி அம்மையார் அவர்களே! வாவியின் இருகரையும் வாழும் பெரியோர்களே! களுதாவளையில் வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் வார்த்த ஈரக்கையோடு பஸ் பிடித்து வந்த தாய்மாரே! உங்கள் எல்லோருக்கும் வினாயகமூர்த்தியின் வணக்கம்.

இருபத்தொன்பது வருடம் நீதிமன்ற வாசலில் நின்று, குற்றம் சாட்டப்பட்ட எதிரிகளின் பெயரைக் கூவிக் கூவிக் கூப்பிட்டவன் நான். எத்தனையோ பெயர் மறந்து போயிற்று. ஒரு பெயர் மட்டும் மறக்கவில்லை. ஜொய்சன்!

வாகரைக் கடற்கரையில் பிறந்தவன். ஆழிப்பேரலை அவன் வீட்டையும் தாயையும் ஒரே காலையில் கொண்டு போனது. பிறகு குடித்தான், கெட்டான், படகு முதலாளியான சம்மாட்டியின் எஞ்சினைக் கழற்றி விற்றான். குற்றம்தான், இல்லையென்று சொல்ல நான் வரவில்லை. தண்டனை முடிந்து வந்தவனை அக்காவின் புருஷன் படலைக்குள் விடவில்லை. பஸ் நிலையத்தில் படுத்தான். அதன்பிறகு மூன்று வருடம், மூன்று கார்த்திகை, மூன்று சைக்கிள் களவு! எடுத்த சைக்கிளை எங்கே கொண்டு போனான் தெரியுமா? நேரே பொலிசுக்கு!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். மூன்றாவது தரம் நீதவான் கேட்டார், "ஏன் களவெடுத்தாய்?" அவன் சொன்னான், "மழை துவங்கிட்டு ஐயா. படுக்க இடமில்ல." அன்றைக்கு என் சிரிப்பு அடங்கிற்று. வெட்கமாக இருந்தது, ஐயா, வெட்கமாக இருந்தது!

அந்த மூன்றாவது சைக்கிள் யாருடையது? ஆஸ்பத்திரி வீதியில் இடியப்பம் விற்கும் றோஸ்மேரி அம்மாவுடையது. அந்தா, மூன்றாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடுகிறாரே, அவர்தான்! மூடாதீங்க அம்மா, ஊர் பார்க்கட்டும்.

சைக்கிளை மீட்க வந்த அந்தத் தாய், அவன் சொன்ன பதிலையும் கேட்டுக்கொண்டே போனார். அவன் வெளியே வந்த நாளில் சிறை வாசலில் போய் நின்றார். "மழைக்குத்தானே களவெடுக்கிறாய் மனே? வா, பின்னறை சும்மாதான் கிடக்கு. ஒழுகாது." சிறையிலிருந்து வருவோருக்குக் கைகொடுக்கும் நம் சங்கம் முதல் ஆறு மாத வாடகையைக் கொடுத்தது. முதல் வாரம் விடியக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிடும்வரை நிலையடியில் விறைப்பாக நின்றானாம். "நான் என்ன ஜெயிலரா? போய் முகத்தைக் கழுவு!" என்று இந்த அம்மா ஏசியிருக்கிறா. என்ன ஏச்சு! என்ன அன்பு!

பின்வரிசையில் யாரோ கேட்கிறார், "கள்ளனுக்கு வீடா?" என்று. நல்ல கேள்வி தம்பி. அவனை உள்ளே வைத்துச் சோறு போட நாட்டிடம் காசிருக்கிறது, காவல் போடக் காசிருக்கிறது. ஓர் அறைக்கு வாடகை கொடுக்க மட்டும் கைநடுக்கமா? விலாசம் கிடைத்தது, கிராம சேவகர் சான்று கிடைத்தது, அடையாள அட்டை கிடைத்தது. இன்றைக்கு வாவியில் வலை வீசுகிறான், ஏழாம் மாதத்திலிருந்து தன் வாடகையைத் தானே கட்டுகிறான். நான் ஓய்வு பெறுமுன் வந்த கடைசி மாரி முழுக்க அவன் பெயரை ஒருதரமும் கூப்பிடவில்லை. என் வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

போன கிழமை ஜொய்சன் என் வீட்டுக்கு வந்தான். "ஐயா, ஒரு கடுதாசி எழுதித் தருவீங்களா? ஜெயிலுக்குள்ள எனக்குப் பக்கத்துப் பாயில படுத்த நிஸ்தார் வாற வெள்ளிக்கிழமை வெளிய வாறான். அவனுக்கும் ஒருத்தரும் இல்ல. என்ட அறைக்கு வரச் சொல்லுங்க."

"சின்ன அறையடா, ரெண்டு பேருக்குக் காணுமா?" என்றேன்.

"நான் ராவில வாவிக்கு வலை வீசப் போவன் ஐயா. அவன் ராவில படுக்கட்டும். நான் பகலில படுக்கிறன்."

கேட்டீர்களா, பெரியோர்களே! கேட்டீர்களா, தாய்மாரே! நிஸ்தாரோடு சேர்த்து இந்த மாதம் வெளியே வருவது நான்கு பேர். ஜொய்சனிடம் இருப்பது ஓர் அறை, அதில் பாதியைக் கொடுத்துவிட்டான். மற்ற மூவரும் யாருடைய சைக்கிளைத் தேடிப் போவது? மேசையில் சங்கத்தின் வாடகை நிதிக்கான பெயர்ப்புத்தகம் திறந்திருக்கிறது. முதல் பெயரை அவனே எழுதிவிட்டான். இரண்டாவது பெயர் என்னுடையது. மூன்றாவது பெயர் உங்களில் யாருடையது? இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் நல்ல மனதுக்கு நன்றி; வெளியே தூறல் போடுகிறது, எழுந்து வாருங்கள், வணக்கம்!