பாலத்தில் ஜென்ஜி சொன்னது

ஜப்பானிய முகத்தை வைத்துக்கொண்டு சாவோ பென்டோவில் குடியிருந்தால், இன்ஸ்பெக்டர் அம்மா, ஊர் நம்மிடம் சில விஷயங்களை எதிர்பார்க்கும். ரேடியோ ரிப்பேர் தெரியும் என்று நினைப்பார்கள். கராத்தே தெரியும் என்று நினைப்பார்கள். நாங்கள் இங்கே வந்து இறங்கிய வாரமே, கழுதைத் திருடனைப் பிடிக்கப் பாதிரியார் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். எனக்கு அப்போது ஏழு வயது. நானும் போனேன். என்னைப் பார்த்ததும் திருடன் கழுதையை விட்டுவிட்டு மண்டியிட்டான். சரி, மண்டியிடவில்லை, ஓடினான். ஆனால் அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். நம்மைப் பற்றி நாலு பேர் நல்லதாக ஏதாவது நம்பினால், அதைக் கெடுப்பது மரியாதையல்ல.

இந்த ஊரில் நாங்கள் ஒரே ஜப்பானியக் குடும்பம். கோழிக்குஞ்சில் ஆண் எது, பெண் எது என்று பிரிப்பதில் அப்பா கெட்டிக்காரர். அதற்காகவே பண்ணைக்காரர்கள் அவரை வரவழைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு மணிக்கு மூவாயிரம் குஞ்சு பிரிப்பார். எனக்கு ஜப்பானிய எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஒலியெழுத்துகளை முடித்துவிட்டோம். ஒரே எழுத்தில் ஒரு முழுச் சொல் அடங்கியிருக்குமே, அந்தப் பெரிய எழுத்துகளில் மலை, ஆறு, முட்டை வரை வந்திருந்தோம். அப்போது அவர் இறந்துபோனார். எனக்குப் பதினொரு வயது. அதற்கு மேல் நான் ஓர் எழுத்தும் கற்கவில்லை. இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

நான் பண்ணையில் முப்பத்தொரு ஆண்டு முட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எது கெட்டது, எதில் விரிசல் என்று பிரிக்கிற வேலை. நாற்பது கோடி முட்டை பார்த்திருப்பேன். தப்பியது மூன்று.

ஜெர்சினோ அந்த முட்டைகளை லாரியில் ரெசிஃபேக்குக் கொண்டுபோகிறவன். 1993இல் ஒரு நடையில், துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு வீடியோ கேம் பெட்டியும் ஒரே ஒரு கேசட்டும் வாங்கிவந்தான். கேசட் முழுக்க ஜப்பானிய மொழி. கடைக்காரனே எச்சரித்தானாம். இவன் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க ஊர்ல அதுக்கு ஆள் இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். அந்த ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அவன் வீட்டு முன்னறையில் தெருவே கூடியது. திரையில் தாடி வைத்த ஒரு கிழவன் தோன்றி மூன்று வரி பேசினான்.

"படிடா ஜப்பா. என்ன சொல்றான் அந்தக் கிழவன்?"

அந்த மூன்று வரியில் இருந்த பெரிய எழுத்துகளில் எனக்குத் தெரிந்தது மலை ஒன்றுதான்.

"மலைக்குப் போகச் சொல்றான்" என்றேன்.

"எதுக்கு?"

"அவன் பொண்ணை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்களாம்."

ஜெர்சினோவின் மனைவி இவோனெட் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "அடப் பாவிங்களா. எவன்டா அவன், அடுத்தவன் பொண்ணைத் தூக்குறவன்? ஜெர்சினோ, நீ சும்மா உக்காந்திருக்கியே, போடா மலைக்கு."

அதன்பிறகு எப்படிப் பின்வாங்குவது? கிழவன் தேடியது தொலைந்துபோன ஓர் ஆட்டை என்பது எனக்கு முப்பத்தொரு ஆண்டு கழித்துத்தான் தெரியவந்தது.

நாற்பத்து மூன்று ஞாயிறு ஆடினோம். ஜெர்சினோ ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பான், நான் படிப்பேன். ஆட்டத்துக்குப் பெயரே நான்தான் வைத்தேன், 'இரண்டு நண்பர்கள்' என்று. நாயகனுக்கு ஒரு தோழன் உண்டு. பெயர் ஜென்ஜி. அது ஒலியெழுத்தில் இருந்ததால் எனக்கு நிச்சயமாகத் தெரியும். முதல் ஊரிலிருந்தே நாயகனோடு நடப்பான், அவன் காயத்துக்குக் கட்டுப்போடுவான், தீ மூட்டி எதிரே உட்கார்ந்து சிரிப்பான்.

பிறகு அந்தப் பாலம் வந்தது. மழை. கயிற்றுப் பாலத்தின் அக்கரையில் ஜென்ஜி, அவன் பின்னால் எதிரியின் படை. நாயகன் இக்கரையில். ஜென்ஜி பேசினான், பேசினான், திரையின் அடியில் பதினொரு எழுத்துப் பெட்டி நிறைய வார்த்தை. அதில் நதியைக் குறிக்கிற எழுத்து மட்டும் எனக்குப் புரிந்தது. பேசி முடித்துவிட்டுக் கத்தியால் கயிற்றை அறுத்தான். பாலம் விழுந்தது.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "நண்பா, இந்தப் படை உன் பக்கம் வரக் கூடாது. அதான் பாலத்தை அறுக்கிறேன். நான் இங்கேயே செத்துப்போறேன். நீ வீட்டுக்குப் போ. எனக்கும் சேத்து நீ வாழு."

ஜெர்சினோ ஆறடி இரண்டு அங்குலம். லாரி டயரை ஒற்றைக் கையால் தூக்குகிறவன். அவன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். தெரு முழுக்க அழுதது. அன்று விழுந்த கண்ணீரில் எங்கள் பகுதியின் வறட்சியே நீங்கியது. கதையின் பின்பகுதியில் அதே ஜென்ஜி எதிரிக் கொடியோடு வந்து நாயகனோடு சண்டை போட்டபோது, செத்தவன் உடம்புக்குள் பேய் புகுந்திருக்கிறது என்று விளக்கினேன். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இவோனெட் அப்போது உண்டாகியிருந்தாள். மகன் பிறந்ததும் அவனுக்கு ஜென்ஜி என்றே பெயர் வைத்தார்கள். ஜென்ஜி டோஸ் சாண்டோஸ். ஞானஸ்நானத்தின்போது நான்தான் குழந்தையை ஏந்தினேன், நான் அவனுடைய ஞானத்தந்தை. "இது எந்தப் புனிதர் பேரு?" என்று பாதிரியார் கேட்டார். "நண்பனுக்காக உசுரைக் கொடுத்தவர், சாமி" என்றான் ஜெர்சினோ. அவருக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் கதை அப்படித்தான் போனது. இவோனெட் போய்ச் சேர்ந்தாள். பையன் ரெசிஃபேயில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனான். ஜெர்சினோவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறும் நோய் வந்தது. காருவாருவில் உள்ள கண் டாக்டர், காலை எட்டுக்கு ஒரு சொட்டு, மாலை ஆறுக்கு ஒரு சொட்டு, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார். மருந்து இருக்கும்வரை பார்வை இருக்கும், போன பார்வை திரும்பாது என்றும் சொன்னார். இதை நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். ஜெர்சினோவுக்குக் கை நடுக்கம். அதனால் ஏழு ஆண்டுகளாக நான்தான் சொட்டு விட்டேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டு வாயையும் சேர்த்துத் திறப்பான்.

"வாயை மூடுடா. மருந்து கண்ணுக்கு."

"சீக்கிரம் விடுடா. முட்டையைப் பாக்கிற மாதிரியே பாக்காத."

போன ஆண்டுக்கு முந்தின நவம்பரில் பையன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். அந்தப் பழைய ஆட்டத்தைப் புதிதாகச் செய்து வெளியிடப் போகிறார்களாம், அடுத்த அக்டோபரில். பேச்சு ஜப்பானிய மொழியில்தான் இருக்கும், ஆனால் எழுத்தெல்லாம் நம் போர்த்துகீசிய மொழியில் ஓடும்.

ஜெர்சினோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "இந்த மண்டையைத் துடைச்சு வச்சுட்டு அந்தப் பாலத்தை முதல் தடவை பாக்கிற மாதிரி இன்னொரு தடவை பாக்கணும்னு எத்தனை வருஷமா புலம்பறேன். இப்ப பாரு. ஒவ்வொரு வார்த்தையும் என் கண்ணாலயே படிக்கப்போறேன். இனிமே நீ தூங்கலாம்டா ஜப்பா. உன் வேலை முடிஞ்சுது."

போனில் பையனும் சிரித்தான். "ஆமா ஞானப்பா. உங்களுக்கு ரிட்டயர்மெண்ட்."

நான் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். முப்பது ஆண்டு அவனுக்காகப் படித்திருக்கிறேன். அவன் அழுத ஒவ்வொரு சொட்டும் என் வாயிலிருந்து போனது. ஒரே ஒரு போன் அழைப்பில் என்னை அனுப்பிவைத்தான். பண்ணையில்கூட எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். துரோகம் என்பது பெரிய சொல், நான் அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் அன்று மாலை வீட்டுக்கு நடந்தபோது வேறு சொல் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அன்றைய ஆறு மணிச் சொட்டை மறந்துவிட்டேன். உண்மையாகவே மறந்தேன். மறுநாள் காலையில் நினைவு வந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, வழக்கம்போலக் கிண்டல் செய்துகொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தான். பிறகு காலியான ஒரு பாட்டிலைக் கழுவி, மருந்துக்கடையில் விற்கிற உப்புத் தண்ணீரை நிரப்பிக்கொண்டேன். பச்சைக் குழந்தைகளின் மூக்கைக் கழுவுகிற தண்ணீர் அது. அதைவிடச் சுத்தமான ஒன்று இந்த ஊரில் கிடையாது. அவன் கண்ணில் கெடுதலான எதையும் நான் விட்டதில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வேளையும் தவறவில்லை. எட்டு மணி என்றால் எட்டு, ஆறு என்றால் ஆறு.

மே மாதம் டாக்டர் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று கவலைப்பட்டார். இரண்டாவதாக ஒரு மருந்து எழுதினார். அதையும் நான்தான் போய் வாங்கினேன். ஆகஸ்டில் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்றார். ஜெர்சினோ பேருந்தில் என்னைக் கேட்டான்.

"என்னடா சொல்ற? கத்தி வைக்கலாமா?"

"அவசரப்படாத. மருந்து வேலை செய்யட்டும்."

"நீ சொன்னாச் சரிதான்" என்று என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். ஊர் வரும்வரை நான் அசையவில்லை. கை மரத்துப்போனது.

அக்டோபரில் ஆட்டம் வந்தது. பையன் வந்து பெட்டியைப் பொருத்திக்கொடுத்துவிட்டுப் போனான். ஜெர்சினோவுக்கு அப்போது ஜன்னல் எது, சுவர் எது என்று மட்டும் தெரிந்தது. திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு, நான் எதிர்பார்த்ததைவிட மெதுவான குரலில், "படிடா ஜப்பா" என்றான்.

படித்தேன். இந்த முறை எல்லா எழுத்தும் எனக்குத் தெரியும். அதுவே ஒரு விநோதமான இன்பம், அம்மா. எழுபத்தொரு வயதில் நான் அந்த ஆட்டத்தை முதல் முறையாகப் பார்த்தேன். திரையில் உள்ளதைப் படித்துவிட்டு, பழைய கதையைச் சொன்னேன். ஆட்டைப் பெண்ணாக்கினேன். "இடது பக்கம் திருப்பு. அடி. அது எதிரியில்லடா, மரம்." "மரத்துக்கு என்ன திமிரு பாரு, வழியில நிக்குது." ஒரு வாரத்தில் அவன் சிரிக்கத் தொடங்கிவிட்டான். எங்கள் வாழ்க்கையில் அதைவிட நல்ல மாதங்கள் இருந்ததில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் பாலத்துக்கு வந்தோம். மழைச் சத்தம் கேட்டதுமே அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். ஜென்ஜி பேசத் தொடங்கினான். நான் மனதுக்குள் படித்தேன்.

முதல் ஊரிலிருந்தே நான் அவர்களுடைய ஆள், என்றான் ஜென்ஜி. தீ மூட்டிய ஒவ்வோர் இடத்திலும் அவர்களுக்கு அடையாளம் விட்டுவந்தேன். இப்போது படை உன் ஊருக்குப் போகிறது. நீ குறுக்கே வரக் கூடாது என்பதற்காகத்தான் பாலத்தை அறுக்கிறேன். என்னை வெறுக்காதே, உன்னோடு இருந்த நாட்கள் எனக்கும் பிடித்திருந்தன.

பதினொரு பெட்டி. கயிறு அறுந்தது. ஆட்டத்தின் உண்மையான பெயர் 'எரிந்த ஊர்'. அது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

முப்பத்தொரு ஆண்டு அவனை நான் நல்லவன் என்று நினைத்திருந்தேன். என் கையில் ஏந்திய குழந்தைக்கு அவன் பெயர்.

"ஏண்டா நின்னுட்ட?" என்றான் ஜெர்சினோ.

"தொண்டை அடைக்குது."

"எனக்கும்தான்டா. சொல்லு, சொல்லு."

"நண்பா, இந்தப் படை உன் பக்கம் வரக் கூடாது" என்று தொடங்கினேன். கடைசி வார்த்தை வரை சொன்னேன். அவன் அன்றைக்கு அழுத மாதிரியே அழுதான். கண் பார்க்காவிட்டாலும் அழும், அதை அன்றுதான் கவனித்தேன். "முதல் தடவை கேட்ட மாதிரியே இருக்குடா" என்றான். அவன் கேட்டது அது ஒன்றைத்தான். அதை நான் கொடுத்தேன்.

மீதியைப் பையன் ஜென்ஜி உங்களிடம் சொல்லியிருப்பான். கிறிஸ்துமஸுக்கு வந்தவன் பியர் எடுக்க என் பிரிட்ஜைத் திறந்தான். அவன் அப்பாவின் பெயர் ஒட்டிய இருபத்தொரு சொட்டு மருந்து பாட்டில்கள் இருந்தன, ஒன்றும் திறக்கப்படவில்லை. மருந்தை வீணாக்க எனக்கு மனம் வராது. ஒன்றைக் கையில் எடுத்தான்.

"என்ன ஞானப்பா இது?"

சொன்னேன். இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே நிதானமாகச் சொன்னேன். அமைதியான பையன், கை ஓங்கவில்லை. என் பெயரை முழுசாக, ஹிசாவோ மொரிதா என்று ஒருமுறை சொன்னான். வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பதின்மூன்று மாதம் மருந்துக்குப் பதிலாகத் தண்ணீர் விட்டேன். விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே விட்டேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சொட்டு மருந்து விஷயத்தை ஜெர்சினோவிடம் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருந்தால் சொல்லுங்கள். கொஞ்ச நாள் திட்டுவான், பிறகு படிக்கக் கூப்பிடுவான், இன்னும் பன்னிரண்டு மணி நேர ஆட்டம் பாக்கி இருக்கிறது. ஆனால் பாலத்தில் ஜென்ஜி என்ன சொன்னான் என்பதை மட்டும் யாரும் அவனிடம் படித்துக்காட்டக் கூடாது. கூடவே நடந்தவன், காயத்துக்கு மருந்து போட்டவன், எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இப்படி ஒரு காரியத்தைச் செய்தான் என்றால் அவன் தாங்கமாட்டான். அந்த மாதிரி ஓர் ஆளை அவன் தன் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.