பூண் இல்லாத முத்திரைப் பதிவு

நான் நரம்தானி, காலஞ்சென்ற புசூரும் என்பவரின் மனைவி, வயது அறுபதுக்கு மேல், சிப்பார் நகரம் கால்வாய்த் தெருவில் வசித்து வருகிறேன். என் கணவரின் தம்பி எடிரும் என்பவன், என் வீட்டுத் தரையைத் தோண்டி, அதனடியில் அடக்கமான என் கணவர் கையிலிருந்த முத்திரையை எடுத்து, அதை ஈரக் களிமண்ணில் உருட்டி ஒரு பொய்ப் பத்திரப் பலகை செய்து, என்னை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்கிறான்.

அந்த முத்திரை விரலளவு உருளைக் கறுப்புக் கல். அதில் நீதிக் கடவுளான சமாஷ் கையில் ரம்பத்தோடு மலைமேல் கால் வைத்து நிற்பார். எதிரே ஒருவர் ஆட்டுக்குட்டியை ஏந்தி வருவார். அது தான்தான் என்று என் கணவர் சொல்வார். கல் செதுக்கியவன் தொப்பையை மறந்துவிட்டான் என்று நான் சொல்வேன். கல்லின் இரு முனையிலும் கீல் என்ற கறுப்புப் பிசினை வைத்து ஒட்டிய தங்கப் பூண் இருந்தது. ஈரக் களிமண்ணில் உருட்டினால் படத்துக்கு மேலும் கீழும் மணி கோத்ததுபோல் ஒரு கோடு விழும். இதை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. எங்கள் சரக்கறைக் கதவை அடைத்து முத்திரையிடும் களிமண்ணில் தினமும் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சென்ற மழைக்காலத்தில் என் கணவர் நோயில் விழுந்தார். "தங்கத்தை எதுக்கு மண்ணுக்குள்ள போடுறே, லமாசி கழுத்துல போடு" என்றார். லமாசி எங்கள் மகள். அவர் இறந்த அன்று எங்கள் தெருத் தட்டார் கீலைச் சூடாக்கிப் பூண்களைக் கழற்றினார், அதன் பிறகு வெறுங்கல்லை நூலில் கோத்து அவர் மணிக்கட்டில் நானே கட்டினேன், அதன் பிறகு நடு அறைத் தரைக்கடியில் அவரை அடக்கம் செய்தோம்.

அதன் பிறகு லமாசியின் பிரசவத்துக்காக, வீட்டை எடிரும் பொறுப்பில் விட்டுச் சென்றேன். திரும்பி வந்தபோது நடு அறைப் பாய் இடம் மாறியிருந்தது, அதன் அடியில் பூச்சு ஈரமாக இருந்தது. கேட்டதற்குக் கால்வாய் ஈரம் என்றான். அதன் பிறகு, அண்ணன் உயிரோடிருந்தபோதே வீட்டைத் தனக்குக் கொடுத்ததாக ஒரு பலகையைக் கொண்டுவந்தான். அதில் சொல்லப்பட்ட சாட்சிகள் இருவரும் இப்போது உயிரோடில்லை.

பலகையில் என் கணவரின் முத்திரைதான் பதிந்திருந்தது, ஆனால் மேலும் கீழும் கோடு இல்லை. லமாசியின் திருமணப் பலகையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதில் கோடுகள் இருக்கின்றன.

"பொம்மை பாத்துத் தீர்ப்பு சொல்றீங்களா அண்ணி? எழுத்தைப் படிங்க பாப்போம்" என்றான்.

"எழுத்து எனக்குத் தெரியாதுடா. உங்கண்ணன் இருந்தவரைக்கும் பூண் இல்லாம அந்தக் கல்லு உருண்டதில்லை. இது எப்ப உருண்டுது, அதைச் சொல்லு."

அவன் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போனான்.

ஆகவே நீதிபதிகள் தட்டாரை அழைத்துப் பூண் கழற்றிய நாளைக் கேட்க வேண்டும். லமாசி கழுத்திலிருக்கும் பூண்களை இரண்டு பலகைகளோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தங்கள் முன்னிலையில் தரையைத் திறக்க வேண்டும். கல்லை எடிரும் கொண்டுவர வேண்டும். பொய்ப் பலகையை அதை அவனுக்கு எழுதிக் கொடுத்தவரே உடைக்க வேண்டும். முத்திரையை என் கணவர் மணிக்கட்டில் திரும்பக் கட்டுவது நான். அவன் அவரைத் தொடக்கூடாது. குழியை மட்டும் அவன் தன் கையால் மூடிப் பூச வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல இந்த மனுவை எழுதிய எழுத்தர் திரும்பப் படித்துக் காட்டக் கேட்டேன்; சமாஷ் அறிய, எதுவும் கூட்டிச் சொல்லவில்லை. எனக்கென்று முத்திரை கிடையாது. களிமண் காய்வதற்குள் என் நகத்தைப் பதித்தேன்.