பிரிட்டிஷ் கீபோர்டு

கீபோர்டு எல்லாம் ஒன்றுதான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், சார். இல்லை. பிரிட்டிஷ் அமைப்பில் விட்டுவிட்டால் @ அடிக்கும் இடத்தில் மேற்கோள்குறி விழும். மேற்கோள்குறியை அடித்தால் @ விழும். பாஸ்வேர்டில் @ இருந்தால் தீர்ந்தது கதை. திரையில் வெறும் புள்ளிகள்தானே தெரியும், தப்பு தெரியாது.

அந்த ரசாயனக் கம்பெனியில், கழிவுத் தொட்டியின் விஷக்காற்றை வெளியே இழுக்கும் ஃபேனை ஓட்டுவது ஒரு உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். கரண்ட் போய் வந்தால், பாஸ்வேர்டு அடித்தால்தான் ஃபேன் மறுபடி ஓடும். மாட்டிக்கொடுத்தவன் நான். முதல் தடவை அமைப்பை மாற்றாமல் விட்டது நிஜமான மறதி. ஆபரேட்டர் ஜெனிபர் போன் செய்தாள், போய் அப்போதைக்குச் சரிசெய்தேன். “உக்காருங்கண்ணே, சாப்ட்டு போலாம்” என்று டிபன் பாக்ஸ் மூடியில் பாதி எலுமிச்சை சாதத்தை வைத்துக் கொடுத்தாள். மனைவி பிரிந்து போனபிறகு, கவரைப்பேட்டை அறையில் நான் பேசுவது டிவியோடுதான். அன்று ரயிலில் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது.

அதனால் அடுத்த தடவை போனபோதும் அமைப்பை நிரந்தரமாக மாற்றவில்லை. கரண்ட் போய் வந்தால் மறுபடி பிரிட்டிஷுக்கே திரும்பும்படி விட்டேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? போன் வரும், போவேன்.

“இன்னா பண்றீங்கன்னு எனக்கும் சொல்லிக்குடுங்கண்ணே. ஒவ்வொரு வாட்டியும் உங்களுக்குப் பேஜாரு” என்றாள் ஒருநாள்.

“அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா” என்று சொல்லிவிட்டேன்.

போன வியாழக்கிழமை, அங்கே கூலி வேலை செய்யும் அன்பு தொட்டிக்குள் இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டிருந்தான். கரண்ட் போய் வந்தது. ஃபேன் ஓடவில்லை.

“அண்ணே, பாஸ்வேர்டு எடுக்கல. உள்ள அன்பு மூச்சு தெணறிக்கினு கெடக்குறான். இன்னா அழுத்தணும், சொல்லுங்கண்ணே” என்று போனில் அழுதாள்.

@ பட்டனை விட்டுவிட்டு, என்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மேற்கோள்குறி பட்டனை ஷிஃப்டோடு சேர்த்து அழுத்து. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய் வரை வந்தது. சொல்லிவிட்டால் அப்புறம் அவள் எதற்கு என்னைக் கூப்பிடப்போகிறாள்?

“எதையும் தொடாத. இதோ வந்துகினே இருக்கேன்” என்றேன். பிளாட்பாரத்தில் ரயிலுக்காக நின்றேன். போய்ச் சேர்ந்தபோது அன்புவை வெளியே கிடத்தி, முகத்தில் துண்டு போட்டிருந்தார்கள். ஜெனிபர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தெரிந்தே சொல்லாமல் அவனைச் சாகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், சார். ஃபயர் சர்வீஸ் இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது. அவள் முதலில் கூப்பிட்டது என்னைத்தான்.